தக்ஷிணை வாங்கவில்லை என்று ஒரு வரி

வலியசாலை நாகேஸ்வர வாத்தியார் தன் மகன் மஹேஷை இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்கு அனுப்பியபோது, அந்தச் சேதியை அவர் சொல்லாத வீடு திருவனந்தபுரத்தில் இல்லை. கரமனையில் சீமந்தம் பண்ணி வைக்கும்போது சொன்னார். பட்டம் பகுதியில் புண்யாகவாசனத்துக்கு நடுவே சொன்னார். திதி வீட்டில் இலை போடுவதற்கு முன்னால்கூடச் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். வாத்தியார் வாயிலிருந்து மந்திரம் வந்தாலும் மகன் புராணம் வந்தாலும் தலையாட்டுவதுதானே வழக்கம்.

அவர் மனைவி சுப்புலக்ஷ்மிக்கு இருந்தது பெருமை இல்லை, நிம்மதி. புரோகிதம் பண்ணுகிற பையன் என்றால் ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புகிற காலம் இது. எல்லார் வீட்டுக்கும் வாத்தியார் வேண்டும், யார் வீட்டுக்கும் வாத்தியார் மாப்பிள்ளை வேண்டாம். ஒரே பிள்ளை இந்தத் தெருவையும் இந்தத் தொழிலையும் விட்டுத் தப்பித்தால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. மஹேஷுக்கும் அதே எண்ணம்தான். சின்ன வயதிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், தர்ப்பையும் சமித்தும் எடுத்துக் கொடுத்து, மந்திரமெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குரல் அப்பாவைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பயம். இங்கேயே இருந்தால் நல்ல வாத்தியாராகிவிடுவான்.

போன புதிதிலேயே அவன் அங்கத்திய சட்டத்தை வீட்டில் விளக்கிச் சொல்லியிருந்தான். படிக்க வந்தவன் கடையிலோ கிடங்கிலோ வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்று கணக்காகச் சம்பள வேலை பார்க்கலாம். சொந்தமாக ஒரு தொழிலும் செய்யக் கூடாது. மீறியது தெரிந்தால் யூனிவர்சிட்டியே சர்க்காருக்கு எழுதிப் போடும், விசா போய்விடும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவன் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பால் டப்பா அடுக்கினான். இந்தச் சேதியை மட்டும் நாகேஸ்வரன் எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு சாவு வந்தது. கோயிலுக்கு வடக்குத் தெருவில் இருக்கும் கௌசல்யா மாமியும் அவள் கணவர் ராமசேஷனும், மகன் சுமந்தோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று இங்கிலாந்து போயிருந்தார்கள். குளிக்கப் போன ராமசேஷன் உயிரோடு வெளியே வரவில்லை. மாமி அங்கிருந்து நாகேஸ்வரனைப் போனில் கூப்பிட்டாள்.

"வாத்யாரே, இங்க கர்மா பண்ணி வைக்க ஒரு மனுஷா இல்லை. இவரை அநாதை மாதிரி விட்டுடுவேனோன்னு பேடியா இருக்கு, பயமா இருக்கு."

மஹேஷ் அன்றைக்கு விசாவைப் பேசவில்லை, சட்டத்தைப் பேசவில்லை. ரயில் ஏறிப் போனான். காரியம் முடிகிற வரைக்கும் சுமந்தின் வீட்டிலேயே இருந்தான். சாவுக் காரியத்தில் அவனுக்கு அவ்வளவு பழக்கம் கிடையாது. நாகேஸ்வரன் இங்கிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல, அவன் அங்கே சுமந்துக்குச் சொல்லிக் கொடுத்தான். வகுப்புக்குப் போகாத நாட்களுக்குக் காரணம் காட்ட வேண்டும் என்பதால் சுமந்தே யூனிவர்சிட்டிக்கு எழுதினான். என் தகப்பனாரின் ஈமக் காரியங்களை இந்தப் பையன்தான் நடத்தி வைத்தான், அவன் வராததை மன்னிக்க வேண்டும் என்று, நன்றி சொட்டச் சொட்ட. அதை அவர்கள் கிழித்துப் போடவில்லை, பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

மஹேஷ் ஒரு காசு வாங்கவில்லை. சுமந்து பணம் கொடுக்க வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மாமி ஊர் திரும்பிய பிறகு நாகேஸ்வரனை வீட்டுக்கு அழைத்து, வெள்ளித் தட்டில் தக்ஷிணையை வைத்து, துளசியும் தீர்த்தமும் விட்டு அவர் கையில் தந்தாள்.

"அவர் கரையேறிட்டாரோ வாத்யாரே? அந்நிய தேசம். ஆறு இல்லை, குளம் இல்லை. ஏதானும் குறை வந்திருக்குமோ?"

"ஒரு குறையும் இல்லை மாமி. தக்ஷிணை கொடுக்காத கர்மாதான் பலிக்காது. தக்ஷிணை இந்தக் கைக்கு வந்தாச்சு, கர்மா பூர்த்தியாச்சு. இனிமே அந்த விசாரமே வேண்டாம்."

மாமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. நாகேஸ்வரன் இந்த வாக்கியத்தை முப்பது வருஷமாக எல்லா வீட்டிலும் சொல்லி வந்தவர். கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு சொல்வார், சாவு வீட்டில் தழுதழுத்துச் சொல்வார். எங்கே சொன்னாலும் தட்டு கொஞ்சம் கனத்துத்தான் வரும்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ராமசேஷன் காரியத்தை வாத்தியார் பிள்ளை கடல் கடந்து நடத்தி வைத்த கதை ஊரில் பரவியது. பிள்ளையையோ பெண்ணையோ இங்கிலாந்தில் வைத்திருக்கிற அப்பா அம்மாக்களுக்குத் திருவனந்தபுரத்தில் பஞ்சமா? ஒருவர் மகனுக்கு கிரகப்பிரவேசம், ஒருவர் பேத்திக்கு ஆயுஷ்ஹோமம். நாகேஸ்வரன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கரமனைக்கு நாள் குறிக்கிற மாதிரியே அந்த ஊர்களுக்கும் நாள் குறித்தார். குறித்துவிட்டு மகனுக்குச் சொன்னார்.

"அப்பா, சொந்தமா தொழில் பண்ணப்படாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றான் மஹேஷ். "அன்னிக்குப் போனது சாவு. அது வேற."

"இது தொழிலாடா? தொழில்னா கூலி உண்டு. தக்ஷிணை கூலியில்லை."

"அந்த வித்யாசம் இங்க இருக்கறவாளுக்குத் தெரியாதுப்பா."

"தெரிய வேண்டாம். நீ அங்க ஒரு காசு தொடாதே. இங்க அவா அப்பா அம்மா எங்கிட்ட தருவா. வாங்கறது இந்தக் கை, வலியசாலையில இருக்கற கை. இதுக்குமா விசா வேணம்?"

நாகேஸ்வரன் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

"ஒருத்தன் குழந்தைக்கு ஆயுஷ்ஹோமம்னு கேக்கறான். வராதுன்னு நான் எந்த வாயால சொல்றது? நீ போகலேன்னா எனக்கு இங்க மூஞ்சி இல்லை, கேட்டியா."

இதற்கு மேல் எந்தப் பிள்ளையால் என்ன சொல்ல முடியும்? மஹேஷ் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சகச்சமும் பித்தளைச் செம்பும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் போனான். தன் யோசனையை நினைத்து நாகேஸ்வரனுக்கே கொஞ்சம் கர்வம். சட்டமும் மீறவில்லை, தர்மமும் கெடவில்லை, பணமும் வருகிறது. பெரிய வக்கீலுக்குக்கூடத் தோன்றியிருக்காது என்று சுப்புலக்ஷ்மியிடம் சொன்னார். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இந்தப் பையைத் தூக்க வேண்டாம்னுதானே அவனை அங்க அனுப்பினோம்?" என்றாள்.

"பொம்மனாட்டிக்கு இது புரியாது," என்று பேச்சை முடித்தார்.

கோடை தொடங்கும்போது ஜானவி என்ற பெண் கணபதி ஹோமத்துக்குச் சொன்னாள். பட்டத்துக்காரி. மஹேஷ் படிக்கிற அதே யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி பண்ணுகிறாள், அவர்களே கொடுத்த குடியிருப்பில் கணவனோடு இருக்கிறாள். சின்ன ஹோமம்தான், தாம்பாளத்தில் மணல் பரப்பிச் செய்தது. ஜன்னலையும் திறந்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் நெய்யும் தேங்காயும் எரிகிற புகைக்கு ஜன்னல் வழி தெரியவில்லை, கூரையில் இருந்த அபாய மணிக்குத் தெரிந்துவிட்டது. கட்டடம் முழுக்க அலறியது. குடியிருந்தவர்கள் எல்லாரும் புல்தரையில் வந்து நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசம் போட்ட ஆள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, மஹேஷ் பஞ்சகச்சத்தோடு பூர்ணாஹுதிக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

குடியிருப்பு அதிகாரி விசாரித்தார். பயந்துபோன ஜானவி உள்ளதைச் சொன்னாள். இந்தப் பையன் நம் மாணவன்தான், எங்கள் ஊர் புரோகிதர், எல்லார் வீட்டுக்கும் இவன்தான் போகிறான். நெருப்பை அவர்கள் அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள். 'எல்லார் வீட்டுக்கும்' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில், மாணவர் விசா விவகாரம் பார்க்கிற பிரிவிலிருந்து மஹேஷுக்குக் கேள்வி வந்தது. நீ புரோகிதத்தைத் தொழிலாகச் செய்கிறாயா? விளக்கம் கொடு.

மஹேஷை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தது தம்பானூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட் ஷிபா. மலையாளத்துக்காரி, தமிழர்கள் நிறைந்த சாலைக் கடைத்தெருவில் வளர்ந்ததால் தமிழும் வரும். நாகேஸ்வரன் அவள் எதிரில் போய் உட்கார்ந்து தன் யோசனையை விளக்கினார். காசு அங்கே கைமாறவே இல்லை, எல்லாம் இங்கேதான். அதைச் சொன்னால் போதாதா?

ஷிபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ மாமா, அதை மட்டும் ஆருகிட்டயும் சொல்லாதீங்கோ. வேலை செய்தது எவிடம்னுதான் அவங்க நோக்குவாங்க. பைசா எவிடெ வாங்கினாலும் வேலை வேலைதன்னே."

"அப்போ என்ன பண்ணறது?"

"பைசா வாங்காம, வெறுதே, ஒரு சேவையா செய்தான்னா குற்றம் இல்லை. சேவைக்குத் தடை கிடையாது. போன வீட்டுக்காரங்க எல்லாரும் ஒரு வரி எழுதி ஒப்பு போட்டுக் குடுக்கட்டே. மஹேஷுக்கோ அவன் குடும்பத்துக்கோ நாங்க ஒண்ணும் குடுக்கலைன்னு."

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்க வேறொரு விசா உண்டு. அதில் சொந்தத் தொழில் தாராளமாகச் செய்யலாம், கேட்பார் இல்லை. "ஒரு நாலு மாசம் பொறுக்க முடிஞ்சில்லையோ மாமா?" என்றாள். நாகேஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்குவது சிரமமாகவே இல்லை. ஜானவியின் அப்பா போனிலேயே சிரித்தார். "இதுல என்ன இருக்கு வாத்யாரே, ஒண்ணும் கொடுக்கலைன்னுதானே? எழுதித் தரச் சொல்றேன். ஹோமமே பண்ணலைன்னு வேணாலும் எழுதச் சொல்றேன்." ஆயுஷ்ஹோமக்காரர்கள் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கிரகப்பிரவேசக்காரர் வாசகத்தைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. காரியம் ஆனதில் நாகேஸ்வரனுக்கு நிம்மதிதான், ஆனால் உள்ளே எங்கேயோ குத்தியது. முப்பது வருஷமாகத் தான் சொன்னதை இவர்கள் யாரும் ஒரு நாளும் நம்பியதில்லை. பழக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், பால்காரனுக்குக் கொடுப்பது போல.

மிச்சம் இருந்தது சுமந்து. அவனை விட்டுவிட முடியாது. அவன் எழுதிய நன்றிக் கடிதம் அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது. முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை மாமா," என்றான் சுமந்து. "ஆனா அம்மாகிட்ட சொல்லாம நான் ஒப்பு போட மாட்டேன். அப்பா விஷயம். அம்மா சரின்னா இந்த நிமிஷம் அனுப்பறேன்."

நாகேஸ்வரன் மறுநாள் சாயங்காலம் கௌசல்யா மாமியின் வீட்டுக்குப் போனார். மாமி காப்பி கொடுத்தாள், மஹேஷைப் பற்றி விசாரித்தாள். அந்தக் குளிரில் ஈர வேஷ்டியோடு அவன் நின்றதை இன்னொரு தடவை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். மாமி பொறுமையாகக் கேட்டாள்.

"தக்ஷிணை கொடுக்கலைன்னு சுமந்து எழுதணுமா?"

"வெறும் கடுதாசிக்குத்தான் மாமி. நடந்தது நடந்ததுதானே."

"எந்தப் பிள்ளை தகப்பனுக்குக் காரியம் பண்ணினானோ அவனே, நான் தக்ஷிணை கொடுக்கலைன்னு எழுதி ஒப்பு போடறான். அது எப்படி வெறும் கடுதாசி ஆகும்? கோர்ட்டுல எழுதிக் கொடுத்தா செல்லறது, ஸ்வாமிகிட்ட மட்டும் செல்லாதா?"

நாகேஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி நிறுத்தினாள்.

"எனக்கு சாஸ்திரம் தெரியாது. உங்க வார்த்தைதான் எனக்கு சாஸ்திரம். அன்னிக்கு இதே இடத்துல, தக்ஷிணை கைக்கு வந்தாச்சு, பூர்த்தியாச்சுன்னேள். அதைப் பிடிச்சுண்டுதான் நான் தூங்கறேன். இப்போ உங்க குழந்தைக்குக் கஷ்டம். அவன் எனக்குப் பண்ணினதுக்கு நான் என்ன வேணாலும் பண்ணுவேன். ஒண்ணே ஒண்ணு. தக்ஷிணை இல்லாட்டாலும் அந்தக் கர்மா நிக்கும், எங்காத்துக்காரருக்கு ஒரு குறையும் வராதுன்னு உங்க வாயால சொல்லுங்கோ. போறும். இப்பவே சுமந்தைக் கூப்பிட்டு ஒப்பு போடச் சொல்றேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். மாமி போனைக் கையில் எடுத்தே வைத்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். அதற்குப் பிரமாணம்கூட அவர் மனதுக்குள் தயாராக இருந்தது. இல்லாதவன் ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டாலே போதும் என்று சொல்லும் இடம் அவருக்குத் தெரியாததில்லை. ஏழை வீடுகளில் அதை அவர் நினைத்துக்கொண்டதும் உண்டு, வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது சொன்னால்? தக்ஷிணை இல்லாவிட்டாலும் நிற்கும் என்று நாகேஸ்வர வாத்தியாரே சொன்னார் என்று நாளைக்குக் கோயில் பிரகாரத்தில் பேச்சாகும். மாமி மறைக்கத் தெரியாதவள். அப்படியானால் இத்தனை நாள் எங்களிடம் என்ன சொன்னீர் என்று கரமனையும் பட்டமும் கேட்கும். ஜானவியின் அப்பா சிரித்த அந்தச் சிரிப்பை ஊரே சிரிக்கும். அவர் சுவரில் இருந்த ராமசேஷனின் படத்தைப் பார்த்தார். படத்துக்குப் பயந்துதான் பேச முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமி," என்று எழுந்துவிட்டார்.

"யோசிக்க என்ன இருக்கு? உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லை," என்றாள் மாமி, குழப்பத்தோடு. அவள் குழம்பினதில் ஆச்சரியம் இல்லை.

வீட்டில் சுப்புலக்ஷ்மி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "மாமி என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"சம்மதிக்கலை," என்றார் நாகேஸ்வரன்.

சொல்வதற்கு ஒரு நொடி முன்வரை இதைச் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வடக்குத் தெரு முனைவரை போய்த் திரும்பி வந்தார். அதற்குள் மஹேஷின் விசாரணை நாள் வந்துவிட்டது.

விசாரணை செய்த அம்மாள் மரியாதைக்காரி என்று மஹேஷ் பிறகு சொன்னான். எழுதி வந்த ஒப்புகளைப் படித்தாள். முதல் வீட்டுக்காரரின் ஒப்பு ஏன் இல்லை என்று கேட்டாள். சுமந்தையே கேட்டுக்கொள்கிறோம் என்று சொல்லி, சுமந்துக்கு எழுதினார்கள். சுமந்து பொய்யும் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை, இதைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை என்று எழுதினான். நல்ல பையன். அந்த நல்லதனமே போதுமானதாக இருந்தது. ஒன்றும் கொடுக்காதவன் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவானே என்று அவர்களுக்குத் தோன்றாதா? யூனிவர்சிட்டி மஹேஷைக் கை கழுவியது. சர்க்கார் விசாவை ரத்து செய்தது. ஆய்வேடு பாதியில் நின்றது. இடவப்பாதி என்கிற பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மஹேஷ் சங்குமுகத்து விமான நிலையத்தில் வந்து இறங்கினான். முதுகுப் பையில் பித்தளைச் செம்பு இருந்தது.

சுப்புலக்ஷ்மி அழுது தீர்க்கவில்லை, பேசித் தீர்த்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பூக்காரியிடம், மாடிவீட்டுக்காரியிடம், எல்லாரிடமும் பேசினாள். குளிரில் ஈரத் துணியோடு நின்று புருஷனைக் கரையேற்றின குழந்தைக்கு ஒரு ஒப்பு போட மாட்டேன் என்றாளே, இவளெல்லாம் மனுஷியா என்றாள். தெரு அதை நம்பியது. கௌசல்யா மாமி வந்தால் பேச்சு நின்றது. நவராத்திரிப் பாராயணத்துக்கு ஆள் சேர்த்தபோது மாமியை யாரும் கூப்பிடவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நாகேஸ்வரன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார், வந்தார். ஒரு கிழவியின் தலையில் தன் பழியை ஏற்றி வைத்துவிட்டு, இரண்டு வேளையும் சந்தியாவந்தனம் பண்ணினார்.

அது வெடித்தது ஒரு பிரதோஷத்தன்று, வலியசாலை கோயிலில். நந்திக்கு அபிஷேகம் முடிந்து கூட்டம் கலையும் நேரம். சுப்புலக்ஷ்மியும் மஹேஷும் முன்னால் நின்றார்கள், நாகேஸ்வரன் கொஞ்சம் தள்ளி. மாமி பிரசாதத்தோடு வந்தவள் மஹேஷைப் பார்த்து நின்றாள். "நல்லா இருக்கியா குழந்தை?" என்று கேட்டாள்.

சுப்புலக்ஷ்மிக்கு அது போதுமானதாக இருந்தது. "நன்னா இருக்கான் மாமி. உங்க புண்யத்துல படிப்பும் போச்சு, பொழைப்பும் போச்சு. ஒரு ஒப்பு கேட்டோம். அதுக்குக்கூட யோக்யதை இல்லாமப் போயிட்டோம்."

சுற்றி இருந்தவர்கள் போகாமல் நின்றார்கள். மாமியின் முகம் வெளுத்தது. இத்தனை நாள் தெரு ஏன் தன்னை ஒதுக்கியது என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியிருக்க வேண்டும்.

"நான் மாட்டேன்னு சொல்லலையே சுப்புலக்ஷ்மி," என்றாள் மெதுவாக. "தக்ஷிணை இல்லாட்டாலும் குறை வராதுன்னு உங்காத்துக்காரரை ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். போனைக் கையிலேயே வெச்சுண்டிருந்தேன். அவர் யோசிச்சுச் சொல்றேன்னு போனார். நான் இன்னிவரைக்கும் காத்துண்டிருக்கேன். ஒரு வேளை அந்தக் கர்மால நிஜமாவே ஏதோ குறை இருக்கு, அதான் சொல்ல மாட்டேங்கறார்னு பயந்துண்டே இருக்கேன்."

மாமி நாகேஸ்வரனைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுப் பிரகாரத்தைச் சுற்றிப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சுப்புலக்ஷ்மி கேட்டாள்.

"ஒரு வார்த்தைதானே?"

"அது அவ்வளவு லேசு இல்லை. சாஸ்திரம்னு ஒண்ணு…"

"சாஸ்திரத்தைத் தூக்கி உடைப்புல போடுங்கோ. என் குழந்தையைவிட உங்களுக்கு உங்க தட்டு பெரிசாப் போச்சு. அந்த மாமியை நான் என்னென்ன பேசினேன், நீங்க கேட்டுண்டுதானே இருந்தேள்? ஒரு தடவையாவது வாயைத் திறந்தேளா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி செருப்பைப் போட்டாள். மாமி வீட்டுக்குப் போய்க் காலில் விழப்போகிறேன் என்றாள். நாகேஸ்வரன் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மகன் கத்துவான் என்று காத்திருந்தார். கத்தினால் நன்றாக இருக்கும். கத்துகிறவனுக்குப் பதில் சொல்லலாம், அப்பா என்ற உரிமையில் அதட்டவும் செய்யலாம்.

மஹேஷ் கத்தவில்லை. எதிரில் வந்து நின்றான்.

"கடைசி நாள் அந்த விசாரணை பண்ணின அம்மா என்னைத் தனியா உக்கார வெச்சு ஒண்ணு கேட்டாப்பா. உங்கிட்ட நான் சொல்லலை."

"என்ன கேட்டா?"

"ஊர்ல யாரானும் உன்னைக் கட்டாயப்படுத்தி இதைப் பண்ண வெச்சாளான்னு. நீ வேண்டாம்னு சொல்லியும் அனுப்பினாளா, உன்னை வெச்சு அவா பணம் வாங்கிண்டாளான்னு கேட்டா. அப்படி இருந்தா தைரியமா சொல்லு, அது உன் குத்தம் இல்லை, உன்னைக் காப்பாத்த வேற வழி இருக்குன்னா. ரொம்ப நேரம் எனக்காகக் காத்துண்டிருந்தா."

"நீ என்ன சொன்னே?"

"எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு சொன்னேன்."

அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற அம்மாவோடு வடக்குத் தெருவுக்கு நடந்தான். நீங்களும் வாருங்கள் என்று நாகேஸ்வரனை இரண்டு பேரும் கூப்பிடவில்லை.